வாய்க்கால் மேட்டுச் சிவப்பு

வரிசைக்கு நான்கு எல்இடி வைத்தால் போதும், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட் எடுத்தால் எட்டு, மீதியை ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும், வண்டி ஓடும்போது பேட்டரி பதினான்குக்கு ஏறும், நின்றால் பன்னிரண்டுக்கு இறங்கும், இரண்டிலும் ஒழுங்காக எரிய வேண்டும், அதுதான் கணக்கு, ஆனால் கணக்கில் மனம் நிற்கவில்லை, வாசலில் சென்னியப்பண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேப்பரைப் புரட்டுகிறார், அவர் பேப்பர் புரட்டினால்கூட ஓலை கிழிக்கிற மாதிரி சத்தம் வரும், தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும், எதையும் அடக்கிச் செய்யத் தெரியாத மனிதர், அதுதான் அவளுக்குப் பிடித்திருந்ததோ என்னவோ. என் பெண்டாட்டி மயிலா இறந்துபோய் ஒன்பது வருஷம். இன்னும் அவர் என் வாசலில் வந்து உட்கார்ந்தால் அவளைப் பார்க்க வந்தவர் மாதிரித்தான் இருக்கிறது, என்னைப் பார்க்க வந்தவர் மாதிரி இல்லை. அவளுடைய அத்தை மகன். கட்டிக்கொள்ள வேண்டிய முறை. கட்டிக்கொள்ளாமல் போனதால் முறைப்படி எனக்கு அண்ணன், அண்ணா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும், முப்பத்தைந்து வருஷமாகக் கூப்பிடுகிறேன், இன்னும் பழகவில்லை. வேப்ப மரத்தடியில் அவருடைய பழைய பியட் நிற்கிறது. பின் விளக்குகள் இரண்டையும் நான் கழற்றி எடுத்துவிட்டதால் கண் பிடுங்கிய முகம் மாதிரி இருக்கிறது. ஒரு மினி லாரி உரசி இடது பக்கத்துச் சிவப்புக் கண்ணாடி நொறுங்கிவிட்டது, அந்தக் கண்ணாடி இப்போது எங்கும் கிடைப்பதில்லை, அதனால் சிவப்புப் பிளாஸ்டிக் தகட்டை வெட்டிச் சூடு காட்டி வளைத்து, உள்ளே எல்இடி வைத்து நானே செய்கிறேன். நாளைக் காலையில் தாராபுரத்துக்காரர் ஒருவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். விற்றாகிவிட்டது. விளக்குதான் பாக்கி. நாளைக்கு அப்புறம் அந்தக் கார் இந்தத் தெருவுக்கு வராது, நான் கேட்க நினைத்ததையும் அப்புறம் கேட்க முடியாது, காரே போன பிறகு என்னவென்று கேட்பது.

"என்ன தம்பி, உள்ள ராக்கெட் கீது செய்யறியா? ரெண்டு லைட்டுக்கு இத்தன நேரமா?" என்று வாசலில் இருந்து கத்துகிறார். "ஆச்சுங்கண்ணா." "ஆச்சு ஆச்சுன்னு மத்தியானத்துல இருந்து இதையேதான் சொல்ற. நீ முடிக்கறதுக்குள்ள கார் துருப்புடிச்சுப் போயிரும், தாராபுரத்துக்காரன் வந்து ஸ்டீரிங்க மட்டும் தூக்கீட்டுப் போகோணும்." அவரே சொல்லி அவரே சிரிக்கிறார். மயிலாவும் சிரிப்பாள். அவர் சொல்லும் இந்த மாதிரி உப்புச்சப்பில்லாத பேச்சுக்கெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், "போங்க மாமா" என்பாள். என்னை அவள் கூப்பிட்டது "ஏனுங்க", அவ்வளவுதான், கடைசி வரைக்கும் ஏனுங்க. மாமா என்கிற வார்த்தை அவருக்கே என்று ஒதுக்கி வைத்த மாதிரி. முறைக்குக் கூப்பிடுகிறாள், சின்ன வயதில் இருந்து கூப்பிட்ட பழக்கம், இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி, சொன்ன வார்த்தைகள் தேய்ந்துதான் போயின. எங்கள் பக்கத்தில் பெண்ணை வெளியே கொடுக்கும்போது முறை மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தட்டில் வெற்றிலை வைத்து நீட்டி, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பார்கள், அவர் எடுத்துக்கொண்டால் சம்மதம். கல்யாணத்தன்று அந்தத் தட்டு அவருக்கு முன்னால் போனதை நான் மணவறையில் உட்கார்ந்து பார்த்தேன். உடனே எடுக்கவில்லை. ஒரு கணம் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துவிட்டுத்தான் எடுத்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும், பந்தியில் பரிமாறிக்கொண்டு இருந்தவரைத்தானே கூப்பிட்டார்கள், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த ஒரு கணத்தை நான் இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன்.

பற்றவைக்கிற இரும்பு சூடாகிவிட்டது. ஈயக் கம்பியைத் தொட்டால் உருகிப் பளபளவென்று ஒரு மணி, கூடவே பிசின் புகை, இந்த வாசனை மயிலாவுக்கு ஆகாது, இருமுவாள், ஜன்னலைத் திறந்துவிடுவாள், ஆனால் எழுந்து போகமாட்டாள், கட்டிலில் உட்கார்ந்து பூவோ அவரைக்காயோ எதையாவது கையில் வைத்துக்கொண்டு நான் ரேடியோக்களைப் பிரித்துப் போடுவதைப் பார்ப்பாள். எனக்கு யாரும் இதைக் கற்றுத் தரவில்லை. கெட்டுப்போன ரேடியோக்களைப் பிரித்து, மறுபடி மாட்டத் தெரியாமல் விழித்து, அப்படியே வந்ததுதான். பேசத் தெரியாதவனுக்கு இது நல்ல வேலை, மீட்டரின் முள்ளைப் பார்த்தால் போதும், அது சொல்லிவிடும். பழைய விளக்கைக் கழற்றியபோது உள்ளே இருந்த பல்பு இதோ மேஜையில் கிடக்கிறது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை. ஒன்று மெல்லிசு, அது இருட்டானதும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று தடித்தது, காலால் பிரேக்கை மிதித்தால் மட்டும் பளீரென்று எரியும், காலை எடுத்தால் அணைந்துவிடும். தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே சிவப்பு, ஒன்று கொஞ்சம் சிவப்பு, ஒன்று நிறையச் சிவப்பு. எனக்கு அப்படி இல்லை. அந்தத் தடித்த இழை எரிந்தால் ஒருவர் காலால் அழுத்திக்கொண்டு இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு ஜவுளிக் கடைக்காரனாக இருந்திருந்தால் கார் போகிறது என்று நினைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்திருப்பேன்.

மயிலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் கோயம்புத்தூருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பஸ்ஸில் போகிற உடம்பு இல்லை. என்னிடம் இருந்தது ஒரு மொபெட். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், புரட்டிப் போடவும் துடைக்கவும் ஆள் வேண்டும், இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். சென்னியப்பண்ணன் வந்து, "நான் கூட்டீட்டுப் போறன் தம்பி, நீ அப்பாவப் பாரு" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன இருந்தது. விடிவதற்கு முன்னால் கார் வந்து நிற்கும். அவள் பின் சீட்டில் தலையணையோடு ஏறுவாள், "ஏனுங்க, போயிட்டு வந்தர்றனுங்க" என்பாள். நான் முன்வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் நிற்பேன். தெரு நேராகப் போய்க் கடைசியில் வாய்க்கால் கரைக்கு ஏறும், அந்த மேட்டில் ஏறித்தான் வலது பக்கம் திரும்ப வேண்டும். மங்கலாக இரண்டு சிவப்புப் புள்ளி போய்க்கொண்டே இருக்கும். மேட்டுக்கு ஏறியதும் பளீர். பிரேக். திரும்புவதற்காகப் பிடிப்பது இப்படி இருக்காது, அது ஒரு மினுக்கு, அவ்வளவுதான். இது எரிந்துகொண்டே இருக்கும். அங்கே கடை இல்லை, குறுக்கே வர வண்டி இல்லை, அந்த நேரத்தில் நாய்கூட இல்லை. கார் நிற்கிறது. என் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போன கார் என் கண்ணுக்கு எட்டுகிற கடைசி இடத்தில், முகம் தெரியாத இருட்டில், நிற்கிறது. முதல் நாள் டயரில் ஏதோ என்று நினைத்தேன். அடுத்த தடவையும் நின்றது. அதற்கு அடுத்த தடவையும். எதற்கு. பின் சீட்டில் இருந்து இறங்கி முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்கிறாள், என் கண்ணெதிரே பின் சீட்டில் ஏறுவது, மேட்டில் முன் சீட்டுக்கு மாறுவது, வேறு எதற்கு நிற்க வேண்டும். ராசாமணி அக்கா, அண்ணனுடைய சம்சாரம், அவளும் பாதி நாள் கூடவே போனாள், அவள் போன நாளிலும் அந்தச் சிவப்பு எரிந்தது, அதை வைத்தே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ராசாமணி அக்காவுக்குக் கார் ஏறினதும் தூக்கம் வந்துவிடும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். சாயங்காலம் மயிலா துவண்டு போய் வந்து இறங்குவாள், முகம் சோற்றுக் கஞ்சி மாதிரி வெளுத்திருக்கும், அந்த உடம்போடு எந்த முன் சீட்டு, எந்தப் பின் சீட்டு, என்ன மனிதன் நான் என்று அப்போது தோன்றும், வெந்நீர் வைத்துக் கால் பிடித்துவிடுவேன். மறுபடி விடியாத வேளையில் அந்தச் சிவப்பு எரியும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும். கேட்டிருக்கலாம். ஏன் புள்ள அங்க நிக்கறீங்க என்று ஒரு வார்த்தை. கேட்டால், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அது அவமானமாக இருந்தது. அதனால் அந்தச் சிவப்பு எரிந்ததும் முன்வாசல் விளக்கைப் பட்டென்று அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள், நான் பார்க்கப்போவதில்லை. என்னால் முடிந்த கோபம் ஒரு சுவிட்ச் அளவு.

"தம்பி, பின்னால வர்றவன் கண்ணு அவிஞ்சு போற மாதிரி வெச்சுராத, அப்பறம் தாராபுரத்துக்காரன எவனாவது துரத்தி அடிப்பான்." "இல்லீங்கண்ணா, அளவாத்தான் இருக்கும்." "ராசாமணி மாங்காத் தொக்கு குடுத்தனுப்பிச்சா, கார்ல இருக்குது, ஞாபகப்படுத்து." சரி என்கிறேன். மங்கலாக எரியும் பார்க் விளக்கின் கம்பியும் பிரேக் கம்பியும் ஒரே எல்இடி வரிசைக்குத்தான் வந்து சேர வேண்டும், ஒன்று பெரிய ரெசிஸ்டர் வழியாக மங்கலுக்கு, ஒன்று சின்ன ரெசிஸ்டர் வழியாகப் பளிச்சென்று எரிவதற்கு. அப்படியே சேர்த்துவிட்டால் பிரேக்கை மிதிக்கும்போது அந்தக் கரண்ட் பார்க் கம்பிக்குள்ளே பின்பக்கமாக ஏறிப் போய் நம்பர் பிளேட் விளக்கு வரைக்கும் மினுக்கிவிடும். அழைக்காத வீட்டுக்குள் போகிற மாதிரி. அதற்காக ஒவ்வொரு கம்பியிலும் ஒரு டயோடு, போகலாம், திரும்பி வரக்கூடாது. டயோடைக் காலை மடக்கித் துளையில் நுழைக்கிறேன், வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்க்கிறேன், கண் இப்போது முன்போல இல்லை. இடது பக்கப் போர்டில் பிரேக் கம்பி வந்து சேரும் இடத்தில் வைத்த ஈயம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பளபளப்பு இல்லை. சூடு போதாமல் வைத்த ஈயம் அப்படித்தான் இருக்கும், பார்க்க ஒட்டிய மாதிரி இருக்கும், இன்றைக்கு எரியும், நாளைக்கு எரியும், ஒரு குண்டு குழியில் தூக்கிப் போட்டால் விட்டுப்போகும். இதை நான் எப்படி வைத்தேன். எனக்கு இப்படி ஈயம் வைத்துப் பழக்கம் இல்லை. கை தெரியாமல் வைத்ததா, தெரிந்து வைத்ததா. இப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது, எப்போதாவது மழையில் அந்தக் கார் பிரேக் பிடிக்கும், பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. ஆனால் காரில் இருக்கப்போவது தாராபுரத்துக்காரர், சென்னியப்பண்ணன் இல்லை. இவராகவே இருந்தாலும்தான் என்ன. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாசலில் அவர் கொட்டாவி விடுகிறார், கொட்டாவிக்கும் ஒரு ராகம். இரும்பை எடுத்து அந்த ஈயத்தின் மேல் வைத்தேன், உருகியது, பளபளத்தது. மனசு நல்ல மனசு என்பதால் இல்லை. இன்றைக்கு அவர் இந்தத் தெருவில் கடைசியாகப் போகும்போது அந்த மேட்டில் நின்றால் அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். சரியாக எரியாத விளக்கை வைத்து நான் என்னத்தைப் பார்ப்பது.

வெயில் தணிந்து மரத்தடி இருட்டத் தொடங்கியபோது இரண்டு விளக்கையும் மாட்டி முடித்தேன். அவரை உள்ளே உட்காரச் சொன்னேன். இந்த வேலையை ஒருவனால் செய்ய முடியாது, ஒருவர் உள்ளே மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். "பார்க் போட்டுட்டேன், எரியுதா?" மங்கலாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக எரிந்தது. "எரியுதுங்கண்ணா." "இப்ப மிதிக்கறேன்." பளீர். நான் செய்த சிவப்பு, பழையதைவிட நல்ல சிவப்பு, என் சட்டையும் கையும் சிவந்தன, வேப்ப மரத்தின் அடிப்பக்கம் சிவந்தது. நம்பர் பிளேட் விளக்கு மினுக்கவில்லை. இத்தனை கிட்டத்தில் நின்று இந்த வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்னந்தலை மட்டும் கறுப்பாக. முகம் தெரியாததாலோ என்னவோ வாய் திறந்துவிட்டது. "அண்ணா, அப்ப எதுக்குங்க வாய்க்கா மேட்டுல நிறுத்துவீங்க?" "எப்ப?" "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப. அவளக் கூட்டீட்டு." பிரேக்கில் இருந்து காலை எடுக்கவில்லை, சிவப்பு அப்படியே இருந்தது. அவர் எதையோ யோசிக்கிறார் என்று நினைத்தேன், சிரித்தார். "அட, அதையா கேக்கற? அது உம் பொண்டாட்டி பண்ற கூத்து. மேடு ஏறுனதும், 'நில்லுங்க மாமா, அவரு உள்ள போகட்டும்'ம்பா. பின் கண்ணாடி வழியா திரும்பிப் பாத்துக்கிட்டே இருப்பா. 'வெறுங்கால்ல பனியில நிக்கறாரு பாருங்க, செருப்பப் போடுங்கன்னா காதுல ஏறாது, நாம கண்ணுக்கு மறையற வரைக்கும் இந்த மனுசன் உள்ள போகமாட்டாரு'ம்பா. ராசாமணிகூட, 'ஏம்புள்ள தெனமும் இந்தக் காட்சி பாக்கறதுக்கா காரு'ன்னு திட்டுவா. எங்கார்ல அப்பவே ஹேண்ட் பிரேக் போச்சல்லோ, அந்த மேட்டுல காலெடுத்தா பின்னால உருண்டு உன் ஊட்டு வாசலுக்கே வந்துரும். நான் மிதிச்சுட்டே உக்காந்திருப்பேன். நீ லைட்ட அணைச்சுட்டு உள்ள போவ. 'ம், போயிட்டாரு, எடுங்க மாமா'ம்பா. அதுக்கப்பறந்தான் தலையணையில சாய்வா." அவ்வளவும் சொல்லிவிட்டு, "எரியுதா தம்பி இன்னும்?" என்றார். "எரியுதுங்கண்ணா."

தொக்குச் சீசாவைக் கையில் கொடுத்துவிட்டு, "வர்றன் தம்பி, காரு போனா என்ன, நான் பஸ்ஸுல வருவேன், நீ ஒண்ணும் சந்தோஷப்படாத" என்று சொல்லிக் காரை எடுத்தார். நான் வாசலுக்கு வந்து முன்வாசல் விளக்கைப் போட்டேன். அவள் நின்றது என்னைப் பார்க்க. சந்தோஷம் வர வேண்டும். அதுதானே நியாயம். அவள் நின்றாள், நின்றதால் சிவப்பு எரிந்தது, சிவப்பு எரிந்ததால் நான் கோபத்தில் விளக்கை அணைத்தேன், நான் அணைத்ததால் அவள் நிம்மதியாகச் சாய்ந்தாள், எங்கேயும் அறுபடாமல் சுற்றி வந்த ஒரு கம்பி, அதில் என்ன ஓடியது என்று எனக்கு மட்டும் தெரியவில்லை. என் வெளிச்சத்தில் நான் நின்றேன், அவள் பார்த்தாள், அவள் இருட்டில் இருந்தாள், நான் பார்க்கவில்லை. சந்தோஷம் வருகிறது, வந்து பாதியில் திரும்பிப் போகிறது. ஏனென்றால் இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. செருப்புப் போடுங்க என்று சொன்னாள், அது ஞாபகம் இருக்கிறது, இது இல்லை. இதை அவரிடம் சொன்னாள். என்னைப் பார்த்துக்கொண்டு இருந்த அவள் முகத்தை அவர் பார்த்திருக்கிறார், டிரைவர் கண்ணாடியில், பக்கவாட்டிலாவது, எத்தனையோ விடியலில், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, எனக்காக வைத்திருந்த முகத்தை. கட்டிக்கொண்டவனுக்கு ஏனுங்க, வெந்நீர், இருமல். அவருக்கு அது. அதுவும் அவர் கேட்காமலே கிடைத்திருக்கிறது, ஹேண்ட் பிரேக் இல்லாத காரில் காலை அழுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததற்கு.

கார் தெருவில் போகிறது. இரண்டு மங்கலான சிவப்பு, ஒரே அளவாக, நான் வைத்த அளவாக. வாய்க்கால் மேட்டில் ஏறியது. பளீர். ஒரு மினுக்காக இருக்கும், திரும்பிவிடும் என்று பார்த்தேன், திரும்பவில்லை. எரிந்துகொண்டே இருக்கிறது. அவருக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, நில்லுங்க மாமா என்று சொல்ல ஆள் இல்லை, இருந்தும் நிற்கிறார், நான் உள்ளே போவதற்காக நிற்கிறார், வேண்டுமென்றே நிற்கிறாரா, கால் தானாகப் போய் மிதித்துவிட்டதா. தானாகத்தான் இருக்கும். அவருடைய வலது காலில் அவள் இன்னும் இருக்கிறாள். என்னிடம் எங்கே இருக்கிறாள். அவளுடைய புடவையைக்கூட அவளுடைய தங்கச்சி கொண்டு போய்விட்டாள். என் கை சுவிட்சின் மேல் இருக்கிறது, பழைய கறுப்புச் சுவிட்ச், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அழுத்திய அதே சுவிட்ச், அழுத்தினால் அவர் காலை எடுத்துவிடுவார், வலது பக்கம் திரும்பிவிடுவார், நாளைக்கு அந்தக் கார் தாராபுரத்துக்குப் போய்விடும். வெறுங்காலில் தரை குளிர்கிறது. அழுத்தவில்லை. அங்கேயும் அணையவில்லை. அந்த மேட்டில் காலை எடுத்தால் உருண்டுவிடும், மிதித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், கால் வலிக்கும் அவருக்கு, அறுபத்தெட்டு வயது. வலிக்கட்டும். நான் செய்த விளக்கு, எவ்வளவு நேரம் எரிந்தாலும் சூடேறாது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.